ஒரு சாணும் நாலு விரலும்

மெல்லமா ஏறுங்கம்மா. அந்தக் கம்பியப் புடிச்சுக்குங்க. எந்தக் காலு வலி, வலதுங்களா? அப்ப எடது காலை மொதல்ல வைங்க. சித்த எம்புங்க. இன்னுங் கொஞ்சம். ஆச்சு, உக்காருங்க. வெக்கப்படாதீங்க, வர்றவங்க எல்லாருக்கும் இப்படித்தான் ஆகுது. வண்டி உசரம் சாஸ்திங்க. முன்னால இப்படி இருக்கல.

அந்தப் பக்கம் உக்காந்திருக்கறவரோட ரெண்டு பேரு ஆச்சு, இன்னும் நாலு பேரு வரோணும். ஆறு பேரு சேந்தாத்தான் எடுக்கோணும்னு ஆபீஸ்ல உத்தரவு. உச்சிக்காலத்துக்கு நேரம் கெடக்குது, நீங்க பதறாதீங்க. மேல மண்டபத்து வாசல்ல கொண்டுபோயி எறக்கி உட்டுருவேன். அங்கிருந்து முருகன் முன்னால வரைக்கும் சமதரைதான். ஒரு படி கெடையாது. இந்த வண்டில ஏறிட்டா முடிஞ்சுதுங்க, அப்பறம் ஒண்ணுமே இல்ல. ஏறறதுதான்.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. ஒம்பது வருசமா இந்த பேட்டரி வண்டிய நாந்தான் ஓட்டறேன். அதுக்கு முன்னால லாரி. இது லாரி மாதிரி சத்தம் போடாது, பொகை வராது, ஆனா லாரிய உட இதுலதான் எனக்குத் தலைவலி. போன தையில இருந்து ஆடி வரைக்கும், ஏழு மாசம், புதுசு வாங்கறதா பழசையே சரி பண்றதான்னு ஒரே நாயம், ஒரே பேச்சு. அத நெனச்சாலே அலுப்பா வருதுங்க எனக்கு.

இந்த வண்டி எண்ணெய் மில்லு ராக்கியப்பனய்யா குடுத்தது. நெத்தியில பாத்தீங்களே, செவப்பு எழுத்துல. அவரு போயிச் சேந்து நாலு வருசமாச்சு. நம்ம கோயில்ல பேரில்லாத சாமான் ஒண்ணு காட்டுங்க பாக்கலாம். டியூப் லைட்டுல முக்காவாசி உபயதாரர் பேருதான் இருக்கும், மிச்ச எடத்துலதான் வெளிச்சம் வரோணும். சேரு, பேனு, செருப்பு உடற எடத்துல தகரம், எல்லாத்துலயும் பேரு. எனக்கு அந்த ஆசையெல்லாம் இல்லீங்க. நான் சிரிச்சுக்குவேன்.

பேட்டரி செத்துப் போச்சுங்க. அதான் ஆரம்பம். ஆறு பேட்டரி சீட்டுக்கடியில. ரெண்டு நடை போனா மூணாவது நடையில அந்தப் பிள்ளையார் வளைவு மேட்டுல நின்னுக்கும். முழங்கால் வலின்னு வண்டியேறினவங்க எறங்கி எனக்கு வண்டி தள்ளிக் குடுத்தாங்க. எழுபது வயசுக்காரர் ஒருத்தர் தள்ளிட்டே மேல வரைக்கும் வந்துட்டாருங்க. மேல போயி சாமிகிட்ட என்னத்தக் கேட்டாரோ.

சரி பேட்டரி மாத்தலாம்னா ஆரு உபயம் குடுப்பாங்க? சீட்டுக்கடியில கெடக்கற சாமானுக்குப் பேரு எங்க எழுதறது? மில்லுக்காரரு பையன்கிட்டக் கேட்டா, "அப்பா வண்டியே குடுத்துட்டாரு, பேட்டரியுமா நாங்களே?"ங்கறான். ஆபீஸ்ல கேட்டா மேலிடத்துக்கு எழுதியிருக்குதுங்கறாங்க. அப்பத்தான் திருப்பூர்ல இருந்து குழந்தைவேலுன்னு ஒருத்தர் வந்தாருங்க. பனியன் கம்பெனி முதலாளி. புது வண்டியே வாங்கித் தர்றேன்னாரு.

வாங்கய்யா, வாங்க. ரெண்டு பேருங்களா? பின் சீட்டுல உக்காருங்க. பாத்து, உசரம்... ஆ, அப்படித்தான். இன்னும் ரெண்டு பேருங்கம்மா. வந்தா எடுத்தரலாம்.

அந்தக் குழந்தைவேலு படம் போட்ட பொஸ்தகம் ஒண்ணு கொண்டாந்தாரு. வண்டி நல்லாத்தான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. எட்டுப் பேரு உக்காரலாம். தரையோட தரையா இருக்குது. பக்கவாட்டுல ஒரு பலகை மடங்கி எறங்குது, சக்கர நாற்காலிய அப்படியே தள்ளிட்டு உள்ள போயரலாமாம். நான் கேட்டேன், ஏனுங்க, ஒம்பது வருசத்துல ஒரு சக்கர நாற்காலி இந்த ஸ்டாண்டுக்கு வந்து நான் பாத்ததில்லயே, அந்தப் பலகை எதுக்குன்னு. அவரு கோயில் அதிகாரி ஈ.ஓ. அய்யாவப் பாத்து, "டிரைவர் இவருதானா?"ன்னாரு. என்னைய மேலருந்து கீழ வரைக்கும் ஒரு பார்வை. டிரைவருக்கு சட்டை அவரே தைச்சுத் தர்றாராம், முதுகுல கம்பெனி பேரு போட்டு. பழைய வண்டி இந்த ஸ்டாண்டுல நிக்கக் கூடாதாம்.

அவரு போன பொறவு ஈ.ஓ. அய்யா என்னைய ரூமுக்குள்ள கூப்புட்டாரு. உக்காரச் சொன்னாருங்க. ஒம்பது வருசத்துல அந்த ரூமுல நான் உக்காந்ததில்ல. "நாச்சிமுத்து, நீதான ஓட்டறே. புதுசு வாங்கிக்கலாமா, இதையே சரி பண்ணிக்கலாமா? ரோசனை பண்ணிச் சொல்லு. நீ சொல்றதத்தான் நான் எழுதப் போறேன்"னாரு. எனக்கு அறுவது வயசுங்கம்மா. லாரில இருந்தப்பவும் செரி, இங்கயும் செரி, என்ன பண்ணலாம்னு ஒருத்தர் என்னையக் கேட்டதில்ல. ஊட்டுக்கு நடந்து போறப்ப செருப்பே தரையில படலீங்க.

ஊட்டுல போயி சாமாத்தாள்கிட்டச் சொன்னேன். சாமாத்தாள் என்ற ஊட்டுக்காரி. அவளுக்கு மூணு வருசத்துக்கு முன்னால தொவைக்கற கல்லுகிட்ட வழுக்கி இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சுங்க. ஆபரேசன் பண்ணி, பிளேட்டு வெச்சு, இப்ப நாலு கால் வாக்கர் புடிச்சுட்டு ஊட்டுக்குள்ள நடப்பா. வாசல் வரைக்கும் வருவா. அதுக்கு முன்னால மாசம் ஒரு கிருத்திகை உடாம மேல போனவதான். ஆபரேசன் ஆயி ஒரு வருசம் கழிச்சு நானே ஒரு கிருத்திகைக்கு ஸ்டாண்டு வரைக்கும் கூட்டியாந்தேன். காலு தூக்க வரல. நாலு பேரு புடிச்சுத் தூக்கி ஏத்தப் பாத்தோம். கூட்டமுங்க அன்னிக்கு. சீலை வெலகிப் போச்சு. ஒருத்தன் போன்ல படம் வேற புடிக்கறான். எறக்கி உடுங்கன்னுட்டா. ஊட்டுக்கு வந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னா: "நாலு பேரு தூக்கறது அந்த ஒரு நாளைக்கு இருக்கட்டும். நானா ஏற முடிஞ்சா வர்றேன்." அதோட உட்டுட்டா. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம செவ்வரளி கட்டிக் குடுப்பா, நான் மேல கொண்டாந்து குடுப்பேன்.

அவகிட்ட ஈ.ஓ. அய்யா ரூமுல உக்காந்தது, காப்பி குடுத்தது, எல்லாஞ் சொன்னேன். புது வண்டி இப்படி, பழசுன்னா இப்படின்னு வெவரமாச் சொன்னேன். எல்லாத்தயும் கேட்டுட்டு, "புது வண்டிக்குப் படி எவ்ளோ உசரம்?"ங்கறா. பாருங்க, மோட்டார் எப்படி, பேட்டரி எத்தனை வருசம் வரும், அதெல்லாம் கேக்கல. படி எவ்ளோ உசரம்! அரைச் சாண் இருக்கும்னேன். "இப்ப இருக்கற வண்டிக்கு?" மறுநாள் அளந்துட்டு வந்து சொல்லுங்கன்னு உடவே இல்ல. கையால அளந்து பாத்தேன், ஒரு சாண். சொன்னேன். செரின்னா. பொம்பளைங்களுக்கு வண்டியப் பத்தி வேறென்ன தெரியும்னு நானும் உட்டுட்டேன்.

அதுக்கப்பறம் நான் கோயமுத்தூர் போயி ஜெயபாலுன்னு ஒரு மெக்கானிக்கக் கூட்டியாந்தேன். அவரு வண்டிக்கடியில படுத்துப் பாத்துட்டு, "சேஸ், அதான் அடிச்சட்டம், நல்ல இரும்புங்க, துரு கெடையாது. புது பேட்டரி, லித்தியம்னு ஒத்தைப் பொட்டியா வருது, தண்ணி ஊத்தற சோலி இல்ல. மோட்டாருக்கு பிரஷ்ஷு, பிரேக்கு, சீட்டு, வீலு மாத்திட்டா எட்டு வருசத்துக்குக் கவலையில்ல"ன்னாரு. புது வண்டி வாங்கறதுல மூணுல ஒரு பங்குகூட ஆகாது. பழகின வண்டி. எந்த வளைவுல எங்க முனகும்னு எனக்குத் தெரியும். பெத்த அப்பன் மாதிரி ஒருத்தர் குடுத்தது, அவரு பேர அழிச்சுட்டுப் பனியன் கம்பெனி பேர முதுகுல சொமக்கறதான்னு எனக்கு ஆகல. ஆரச் சொல்லி என்ன, எனக்கே மனசு பழைய வண்டி மேலதான்.

இதுக்கு நடுவுல ஊட்டுல ஒரு கெரகம். வாசல் நடையில ஒரு செங்கல்லக் கொண்டாந்து போட்டு வெச்சிருக்கறாளுங்க சாமாத்தாள். வெளிய போகும்போது ஒருக்கா, வரும்போது ஒருக்கா, என்ற கால் வெரலு அதுல இடிச்சுக்கும். ஏம்புள்ள இது இங்கன்னா, கால் பயிற்சி, ஆஸ்பத்திரில சொல்லிருக்கறாங்கங்கறா. வாக்கரப் புடிச்சுட்டு செங்கல்லு மேல காலை வெப்பா, எடுப்பா. வெப்பா, எடுப்பா. ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா ரெண்டு செங்கல்லு, ஒண்ணு மேல ஒண்ணு. இது என்ன கோபுரமா கட்டறேன்னு சத்தம் போட்டேன். சிரிச்சுட்டே இருந்தா. ஆபீசுக்கும் மெக்கானிக்குக்கும் அலையற அலைச்சல்ல எனக்கு இதெல்லாம் எரிச்சலா வந்துச்சுங்க.

வாங்கம்மா, வாங்கய்யா. ஆறு பேரு ஆச்சு. போலாமுங்களா? கம்பியப் புடிச்சுக்குங்க எல்லாரும்.

பாத்தீங்களா, சத்தமே இல்ல. மேட்டுல எப்படிப் போகுது பாருங்க. இதான் லித்தியம்.

ஈ.ஓ. அய்யாகிட்டப் போயி, பழசையே சரி பண்ணிக்கலாமுங்கன்னு சொல்லிட்டேன். அவரும் அப்படியே எழுதிட்டாரு. மில்லுக்காரரு பையன் மட்டும் எறங்கி வந்தான். அப்பா பேர முன்னால பெருசாப் புதுப் பெயிண்டுல எழுதறதா இருந்தா பேட்டரி என்ற செலவுன்னான். சீட்டுச் செலவ கோயில் கமிட்டி பாத்துக்குச்சு. வீலுக்குத்தான் உபயம் கெடைக்காம நின்னு போச்சு. நாந்தான் ரோசனை சொன்னேனுங்க, இப்பவும் எல்லாரும் என்னையத்தான் சொல்லுவாங்க. நாலு வீலு, அடிவாரத்துல நாலு கடை. ஒரு கடைக்கு ஒரு வீலு. வீலு நடுவுல தட்டு மாதிரி மூடி வருதல்லங்க, அதுல கடைப் பேரு. பாத்திரக் கடை, பஞ்சாமிர்தக் கடை, பூசைச் சாமான் கடை, தேங்கா மண்டி. நாலு பேரும் உடனே செரின்னாங்க. ஆனா பழைய வீலு சின்னதுங்க. அந்த மூடில "அருள்மிகு"ன்னு எழுதறதுக்கே எடம் பத்தாது, கடைப் பேரு, ஊரு, போன் நம்பரு எங்க எழுத? பஞ்சாமிர்தக் கடைக்காரரு முகம் சுண்டிப் போச்சு. நான் ஜெயபாலுகிட்ட பெரிய வீலா போட்டுரலாமான்னேன். அவரு, "போடலாங்க, ஸ்பிரிங்கும் மாத்தித் தூக்கோணும், வண்டி கொஞ்சம் உசரும்"னாரு. உசரட்டும்னேன். வேகத்தடையில அடி தட்டாதல்ல, நல்லதுதானன்னேன். என்ற வாயாலதானுங்க சொன்னேன்.

அந்தப் பேரு கதையக் கேட்டா சிரிப்பீங்க. வண்டி ஓடும்போது பேரு சுத்துது, ஆருக்குந் தெரியாது. நிக்கும்போது ஒண்ணாவது தலைகீழா நிக்கும். தேங்கா மண்டிக்காரரு தெனமும் வந்து, "நாச்சிமுத்து, அரை அடி முன்னால நகத்தி நிறுத்து"ங்கறாரு. அவருது நேரானா பாத்திரக் கடை கவுந்துக்குது. நாலு பேருக்கும் என்ற மேல கோவம். இத்தனை பாடும் இந்தப் பேருக்குத்தான்.

ஆடி மாசம் கிருத்திகைக்கு மொத நாள் வண்டி வந்துச்சுங்க. பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டாங்க. ஈ.ஓ. அய்யா எனக்குத் துண்டு போத்தினாரு. "நாச்சிமுத்து சொன்னது செரியாப் போச்சு"ன்னு மைக்குல சொன்னாரு. நான் அய்யாகிட்ட, ஊடு பின் தெருதானுங்க, ஒரு எட்டு ஊட்டுக்காரிக்குக் காட்டிட்டு வந்தரட்டுமான்னு கேட்டேன். போயிட்டு வாப்பான்னாரு.

மாலையோட கொண்டுபோயி வாசல்ல நிறுத்தினேன். சத்தமில்லாத வண்டியல்ல, ஆரன் அடிச்சேன். பாத்தா அவ முன்னாலயே வாசல்ல நிக்கறாளுங்க. தலைக்குக் குளிச்சு, அந்தப் பச்சை சீலையக் கட்டி, பூ வெச்சுட்டு, கையில செவ்வரளி மாலை. நான் நாளைக்கு கிருத்திகைக்குக் கட்டியிருக்கறான்னு நெனச்சேன். எதுக்குப் புள்ள பச்சை சீலைன்னுகூட கேக்கலீங்க நான். துண்டு போத்தின நாயத்தச் சொல்லிட்டு இருக்கறேன்.

அவ வாக்கரத் தள்ளிட்டு வண்டிகிட்ட வந்தா. கம்பிய ஒரு கையில புடிச்சா. வாக்கர ஒரு கையில புடிச்சா. காலைத் தூக்கினா. நல்லாத் தூக்கினா, நான் அவ அப்படித் தூக்கி மூணு வருசத்துல பாத்ததில்ல. காலு படிக்குக் கீழ தட்டுச்சுங்க. எறக்கிட்டு மறுக்கா தூக்கினா. மறுக்காவும் தட்டுச்சு. மூணாவது தடவ தூக்கல. குனிஞ்சு படியத் தொட்டு, வெரலால அளந்தா. "ஒரு சாணும் நாலு விரலும்"னா. எனக்குச் சொல்லல, அவளா சொல்லிக்கிட்டா.

அப்பறம் என்ற முகத்தப் பாத்து, "வண்டி நல்லா இருக்குதுங்க"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போனா. நான் பின்னாலயே போனேன். நடையில மூணு செங்கல்லு இருந்துச்சுங்க, ஒண்ணு மேல ஒண்ணு. நான் கை வெச்சுப் பாத்தேன். ஒரு சாண்.

அப்பத்தானுங்க எனக்கு ஒறைச்சுது. இத்தனை மாசமா கண்ணு முன்னால கெடந்துச்சு. தெனம் ரெண்டு தடவ காலுல இடிச்சுச்சு. எனக்குத் தெரியலீங்க. ஊரெல்லாம் என்ன ரோசனைன்னு என்னையக் கேட்டாங்கன்னு பெருமையா இருந்தேன். அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா, அத நான் காதுல வாங்கல. புது வண்டின்னா அரைச் சாண். பழசுன்னா ஒரு சாண். ரெண்டுல எதுவா இருந்தாலும் அவளா ஏறிருப்பா. நான் ரெண்டையும் இல்லாமப் பண்ணிட்டேன்.

சும்மா இருக்கலீங்க நான். மறுநாளே ஜெயபாலுக்குப் போன் பண்ணி, பழைய வீலயே மாட்டித் தாங்கன்னேன். அது அன்னிக்கே பழைய இரும்புக்குப் போயிருச்சாம். சின்ன வீலு வேற வாங்கலாம்னா நாலு கடைக்காரரும் ஆபீஸ்ல வந்து உக்காந்துக்கிட்டாங்க, எங்க பேர எடுக்கறதான்னு. திருப்பூர்க்காரரு வண்டிய வேற மலைக்குக் குடுத்துட்டாரு. என்ற அண்ணியாளு ஒருத்தி அங்க போயிட்டு வந்து சொல்றா, பலகை எறங்குதாம், வாக்கரோட அப்படியே ஏறிப் போறாங்களாம். அத ஏன் எங்கிட்டச் சொல்றேன்னு சத்தம் போட்டுட்டேன்.

முக்காலிங்களா? நீங்க கேக்கறதுக்கு முன்னாலயே செஞ்சேனுங்க. பலா மரத்துல, நானே ஆசாரிகிட்ட நின்னு செஞ்சு வாங்கினேன். முக்காலி மேல வாக்கர் ஏறாதுங்கம்மா. வாக்கர உட்டா அவளுக்கு நிக்க வராது. அதயும் செரி பண்ணலாம், கம்பி வெக்கலாம், ரோசனை இல்லாம இல்ல. அதெல்லாம் சொன்னேன். "உடுங்க, உங்களுக்கு எதுக்குச் செரமம்"னுட்டா. கோவமில்லீங்க. கோவிச்சுக்கிட்டாக்கூட நல்லா இருக்கும். முன்னெல்லாம் பொழுதோட நான் ஊட்டுக்குப் போனா, இன்னிக்கு எத்தனை நடை, ஆரு வந்தா, எந்த ஊருன்னு கேப்பா. இப்பக் கேக்கறதில்ல. சோறு போட்டு வெச்சுட்டு உக்காந்திருப்பா.

வந்தாச்சுங்க, மண்டபம். எல்லாரும் பாத்து எறங்குங்க. எறங்கறது ஏறறத உடக் கஷ்டம், அவசரப்படாதீங்க. அம்மா, நீங்க கையக் குடுங்க. என்ற தோளப் புடிச்சுக்குங்க, தப்பில்ல. ஆ... ஆச்சு.

எனக்கொரு ஒத்தாசை பண்ணோணுமே. இன்னிக்கு வெள்ளிக்கெழமங்க. வண்டிய உட்டுட்டு நான் உள்ள வர முடியாது, அதுக்குள்ள கீழ இருந்து தேங்கா மண்டிக்காரரு பேரக் காணோம்னு போன் பண்ணுவாரு. இந்தப் பூவ உள்ள குடுத்துருங்க. சாமாத்தாள்னு பேரு சொல்லுங்க. அவ பேருக்கு மட்டும் சொன்னாப் போதும், எனக்கு வேண்டாம்.

நல்ல செவ்வரளிதானுங்க. நம்மூட்டுச் செடி. காத்துல சாஞ்சு கெடந்துச்சு. அந்த மூணு செங்கல்லையும் கொண்டுபோயி அதுக்கு முட்டுக் குடுத்து வெச்சுட்டா. வாக்கரப் புடிச்சுட்டு ஒவ்வொண்ணா எப்படித்தான் கொண்டுபோனாளோ, நான் வண்டில இருந்த நேரத்துல. இப்பச் செடி நல்லா நிக்குது.

நடையில இப்ப ஒண்ணுமே இல்லீங்க. எனக்குக் காலே இடிக்கறதில்ல.